ஏழாவது காரணம்

ஐந்தே ஐந்து புள்ளி. பாயிஸாவின் வீட்டில் மூன்று கிழமையாகப் பேச்சும் அதுதான், சண்டையும் அதுதான்.

ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாயிஸா, தாஸிம் தம்பதியின் ஒரே மகள் மின்ஹாவுக்கு வருகிற ஜனவரியில் முதலாம் வகுப்பு. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு பெரிய பாடசாலை. அங்கே இடம் கிடைக்க எண்பத்தொரு புள்ளி வேண்டும். மின்ஹாவுக்குக் கிடைத்தது எழுபத்தெட்டு. மிச்சம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை இருக்கிறது. வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் அதுதான் வீட்டுக்குக் கிட்ட. கிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு எட்ட இருப்பதைக் கேட்டால் ஐந்து புள்ளி வெட்டு.

காகமாகப் பிறந்திருந்தால் அந்த அளவு சரிதான். நடுவில் மகாவலி ஓடுகிறதே! மனுசப் பிள்ளை போவதென்றால் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி, பாலம் கடந்து, பஸ் மாறி, ஆறு கிலோமீற்றர் சுற்ற வேண்டும். ஆறு, சதுப்பு மாதிரித் தடை குறுக்கே கிடந்தால் புள்ளி வெட்டக் கூடாது என்று புள்ளி வெட்டச் சொன்ன அதே சுற்றறிக்கையின் இன்னொரு மூலையில் ஒரு வரி இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பாயிஸா. மேன்முறையீடு போட்டார்கள். இன்றைக்குப் பகல் இரண்டு மணிக்கு விசாரணை.

காலை ஆறு மணிக்குத் தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டு பாயிஸா ஃபைலைத் திறந்தாள். மேன்முறையீட்டுக் கடிதத்தை அவள் இன்னும் வாசித்திருக்கவில்லை. உம்மாவுக்குச் சுகமில்லை என்று அவள் அக்குறணைக்குப் போயிருந்த கிழமையில் தாஸிமே எழுதி, டைப் அடித்து, கொடுத்துவிட்டு வந்திருந்தான். எழுதியது எத்தனை பக்கம் தெரியுமா? நாலு.

முதலாவது காரணம் மகாவலி ஆறு. சரி, அது நல்லது. இரண்டாவது, தாஸிம் அதே பாடசாலையில் உதைபந்தாட்ட அணியில் விளையாடியது. மூன்றாவது, அவனுடைய வாப்பா அங்கே ஒரு மாமரம் வைத்தது. நாலாவதாக, மின்ஹாவுக்கு இப்போதே குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி மனப்பாடமாம். ஐந்தும் ஆறும் இதே ரகம்.

ஏழாவது காரணத்துக்கு வந்தபோது பாயிஸாவின் தேநீர்க் கோப்பை அந்தரத்தில் நின்றது.

'அன்றியும் இப்பாடசாலை எத்துணைச் சிறப்பு வாய்ந்ததெனில், ஆற்றின் மறுகரையில் வசிக்கும் பிள்ளைகள் கூட நாள்தோறும் தோணியேறி வந்து இங்கு கல்வி கற்றுச் செல்கின்றனர்.'

"இஞ்சப் பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "இதெனத்த எழுதி வச்சீக்கிறீங்க?"

தாஸிம் தலையைத் துடைத்தபடி வந்தான். கண்டி நகரில் ஒரு சாரிக் கடையில் பதினேழு வருசமாக விற்பனையில் நிற்கிறவன். அவன் கை பட்டால் வாங்காமல் போகிறவர் குறைவு. "ஏன்? நல்லாத்தானே ஈக்கி. எனத்துல பிழ?"

"முதலாம் காரணத்துல எனத்த செல்லீக்கி? ஆத்தக் கடக்க ஏலாண்டு. ஏழாம் காரணத்துல? புள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஆத்தக் கடக்குதுண்டு!"

தாஸிம் கடிதத்தை வாங்கினான். வாசித்தான். திரும்பவும் வாசித்தான். காதோரம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அது... அங்க ஈந்து இங்க வாரது. நாங்க செல்றது இங்க ஈந்து அங்க போறது."

"தோணி ஒரு பக்கம் மட்டுமா போகும்?"

அவன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான். பாவம், அவனைச் சொல்லி என்ன? ஒரு சாரியைக் காட்டினால் முகத்தைச் சுளிக்கிற பெண், இருபது சாரியை விரித்துப் போட்டால் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போவாள். அவனுக்குத் தெரிந்த வாதம் அதுதான். காரணம் கூடக் கூட வியாபாரம் முடியும் என்று நினைத்துவிட்டான். சாரி ஒன்றையொன்று பொய்யாக்காது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

"இப்ப எனத்த செய்ற?" என்றான் குரல் இறங்கி.

பாயிஸாவுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் கிளம்பியது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள கிறுக்கு அது. ஒருவர் சொல்வதை நாம் ஏன் நம்புகிறோம், இன்னொருவர் சொல்வதை ஏன் நம்ப மறுக்கிறோம்? கல்யாணத்துக்கு முன் மூன்று வருசம் நகரில் டொக்டரைப் பார்க்க நேரம் பதிகிற சனல் நிலையத்தில் கவுண்டரில் இருந்தவள். வருகிறவர்கள் தலையிடி, முதுகு வலி, மருமகளின் வாய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். 'இப்ப எங்க நோவுது?' என்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். அதற்கு விரல் வைத்துக் காட்டுகிறவர்தான் சரியான டொக்டரிடம் போய்ச் சேர்வார்.

"முதல்ல உண்ம எனத்தண்டு பாக்கணும்," என்றாள். "தோணி எனத்த மாதிரி, ஆரு ஏறுறாங்கண்டு எங்களுக்கே தெரியா. ஆத்தங்கரைல குடியிருந்துட்டு நான் ஒரு நாள் போய்ப் பாத்ததில்ல."

"இப்பவா? விசாரண நாள்ல?"

"விசாரண நாள்ல பாக்காம வேற எப்ப பாக்குற?"

ஆறே முக்காலுக்கு அவள் மூங்கில் புதர் தாண்டி இறங்கியபோது, தோணி நடு ஆற்றில் இருந்தது. குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிக் கயிற்றைக் கைமாற்றிப் பிடித்தபடி வீரய்யா தோணியை இழுத்து வந்தார். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்தப் பக்கம் பெண் கட்டி, இருபது வருசமாக இதே கயிற்றை இழுக்கிறவர். வெள்ளைச் சீருடைகள் அசையாமல் குந்தியிருந்தன. கலகலப்பு இல்லை. நடு ஆற்றில் பேசக் கூடாது என்பது வீரய்யாவின் உத்தரவு.

பாயிஸா எண்ணினாள். இரண்டு தடவையில் பதினான்கு பிள்ளைகள். இரண்டாவது தடவையில் வந்தவர்களில் ஒருத்தி இன்ஷிரா. தாஸிமின் தங்கை அபீபாவின் மூத்த மகள், எட்டாம் வகுப்பு. அபீபா வாழ்க்கைப்பட்டது அக்கரையில்.

"மாமி! நீங்க எனத்த இங்க?" என்று இன்ஷிரா துள்ளி இறங்கினாள். "இண்டைக்கு மின்ஹாட கேஸ் தானே? துஆ கேக்குறேன், சரியா?" புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஓடிவிட்டாள்.

பதினான்கு பேரையும் பாயிஸா திரும்ப மனதில் ஓட்டினாள். என்னவோ ஒன்று உறுத்தியது. என்ன அது? ஆ! எல்லாரும் பெரிய பிள்ளைகள். பால்பல் விழுந்த வாய் ஒன்று கூட இல்லை.

"வீரய்யா அண்ணே, சின்னப் புள்ளைகள் வாரல்லயா?"

"ஏத்துறதில்லீங்கம்மா." வீரய்யா தோணியிலிருந்த தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டே சொன்னார். "ஆறாம் வகுப்புக்குக் கீழ உள்ளதுகள ஏத்தவே மாட்டேன். யாரு வந்து கெஞ்சினாலும் சரி."

"ஏன்?"

"பெரிய புள்ளைங்கன்னா, கவுந்தாலும் ஓரத்தப் புடிச்சிக்கிட்டு கத்துங்க. நாம போயி எடுத்துறலாம். சின்னதுங்க கத்தக்கூட செய்யாதுங்கம்மா. சத்தமில்லாமப் போயிருங்க."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். பாயிஸா மின்ஹாவை நினைத்துக்கொண்டாள். அதோடு கூடவே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோசமும் வந்தது. ஏழாவது காரணம் இப்போது முதலாவது காரணத்தைக் கொல்லவில்லை. தூக்கி நிறுத்துகிறது!

விசயத்தை அவரிடம் சொல்லி, "நீங்க ஒருக்கா வந்து இதச் செல்ல ஏலுமா?" என்று கேட்டாள்.

சிரட்டை நின்றது. "அம்மா, தோணிக்குப் பதிவு கிதிவு ஒண்ணும் இல்ல. மெதக்குற அங்கி வாங்கிப் போடணும்னு சட்டமாம், அதுவும் இல்ல. மேல எடத்துல தெரிஞ்சா அன்னைக்கே நிப்பாட்டிருவாங்க. எம் பேர மட்டும் இழுத்துறாதீங்க."

"ஒங்கட பேர செல்ல மாட்டேன். சத்தியமா."

"சரிங்கம்மா. போயிட்டு வாங்க. நல்லபடியா நடக்கும்."

வீட்டுக்குத் திரும்பியதும் அபீபாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வாதத்தைச் சோதித்துப் பார்க்க அபீபாவை விட்டால் ஆளில்லை. மீன்காரனே அவளைக் கண்டால் தராசை ஒருமுறை துடைத்துக்கொள்வான்.

"நீ இப்ப ஒப்பீசர். நான் செல்றத நம்பாத," என்றாள் பாயிஸா.

"அது லேசு," என்றாள் அபீபா. "செல்லுங்க மதினி."

"தோணி ஈக்கி. ஆனா சின்னப் புள்ளைகள ஏத்துறல்ல. அதால, மின்ஹாக்கு ஆறு தடதான்."

"அக்கரைச் சின்னப் புள்ளைகளுக்குப் பக்கத்துலேயே ஸ்கூல் ஈக்கி. அதாலதான் அதுகள் தோணில வாரல்ல. தோணிக்காரர் ஏத்தல்லண்டு யாரு கண்ட? நீங்க கண்டீங்களா?"

அட, சரிதானே! சின்னப் பிள்ளைகள் இல்லை என்பதை மட்டும்தான் பாயிஸா கண்டாள். ஏன் இல்லை என்பதை வீரய்யா சொல்லக் கேட்டாளே தவிரக் காணவில்லை; அவர் பெயரை இழுக்கவும் முடியாது. ஒன்று நடக்கிறது என்பதற்கும் இதனால்தான் நடக்கிறது என்பதற்கும் நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டையா? இத்தனை நாளும் அவள் எத்தனை தடவை அந்த ஓட்டையைப் பார்க்காமல் தாண்டியிருப்பாள்? எரிச்சல் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

"அபீபா, நீ மிச்சம் பொல்லாதவள்."

"ஒப்பீசர்ண்டு செல்லுங்க," என்று சிரித்தாள் அபீபா. பிறகு அவளே, "பொறுங்க, பொறுங்க. எங்கட கைரியா ஈக்கிறாளே!" என்றாள். கைரியா அவளுடைய இளையவள், ஆறு வயது. "இன்ஷிரா தாத்தாவோட பெரிய ஸ்கூலுக்குத்தான் போவேண்டு ஒரே அழுக. நான் ரெண்டு தரம் போய் அவர்ட்ட கேட்ட. ஏத்தவே மாட்டேண்டார். ஒரே வூட்டுல ரெண்டு புள்ள மதினி. பெரியவள் தோணில, சின்னவளுக்கு ஏலா. இதவிட எனத்த வேணும் ஒங்களுக்கு?"

"இத நான் அங்க செல்லட்டுமா?"

"தாராளமாச் செல்லுங்க. வேணுமெண்டா என்ட நம்பரயும் குடுங்க. நானே பேசுறேன்."

விசாரணை நடந்தது நகரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில். நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் கலாராணி மிஸ் என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, நரைத்த தலை, கையில் கூர்ப்பென்சில். ஓரத்தில் பெரிய பாடசாலையின் அதிபர், வரவுப் பதிவேடுகளோடு. பாயிஸாவுக்கும் தாஸிமுக்கும் முன்னே விசாரித்த குடும்பம் அழுதுகொண்டே வெளியே போயிற்று.

தாஸிம் கடை வழக்கத்தில் கைகளை விரித்துத் தொடங்கினான். "சேர், எங்கட வாப்பா காலத்துலேந்தே..."

பாயிஸா அவன் முழங்கையைத் தொட்டாள். "சேர், மன்னிச்சுக்கொள்ளுங்க. கடிதத்துல ஏழு காரணம் ஈக்கி. அதுல ஆறு காரணத்த நாங்க திருப்பி எடுக்குறோம். ஒண்ட மட்டும் செல்றேன்."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து காரணங்களைக் கேட்டுக் கேட்டுக் களைத்த முகம் அது. கலாராணி மிஸ் பென்சிலைக் கையிலெடுத்தார்.

"எங்களுக்கு அஞ்சு புள்ளி வெட்டினது அக்கரைப் பாடசாலை கிட்ட ஈக்கிறதால. நடுவுல ஆறு. ஆறு தடையா ஈந்தா வெட்டக் கூடாதுண்டு சுற்றறிக்கைல ஈக்கி. அப்ப கேள்வி ஒண்டுதான். ஆறு வயசுப் புள்ளைக்கு அந்த இடத்துல ஆறு தடையா, இல்லையா?"

"நீங்களே தடையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்," என்றார் தலைவர். "ஏழாவது காரணம். பிள்ளைகள் தோணியில் வருகிறார்களாம்."

தாஸிம் தரையைப் பார்த்தான்.

"ஓ சேர். அது உண்மதான்," என்றாள் பாயிஸா. "இண்டைக்குக் காலைல நானே போய் எண்ணின. பதினாலு புள்ளைகள். ஆனா ஒண்டுகூட ஆறாம் வகுப்புக்குக் கீழ இல்ல. நான் செல்றத நம்ப வேண்டாம். அதிபர்ட கைல பதிவேடு ஈக்கி. பாக்கச் செல்லுங்க."

அதிபர் பக்கங்களைப் புரட்டினார். "அக்கரை விலாசம்... ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒருவரும் இல்லை. ஆறிலிருந்து மேலே பதினான்கு பேர்."

தலைவர் முதுகை நிமிர்த்தினார். பாயிஸாவுக்குத் தன்னுடைய எண்ணும் பதிவேட்டின் எண்ணும் ஒன்றாகப் பொருந்தியதைக் கேட்க அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"ஒரு நிமிசம்," என்றார் கலாராணி மிஸ். "அங்கயே கிட்டப் பள்ளிக்கூடம் இருக்கு எண்டபடியால், சின்னப் பிள்ளையளை அங்க விட்டிருக்கலாம்தானே? தோணியில ஏத்தாததாலதான் வரேல்ல எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

அதே கேள்வி! பாயிஸாவுக்குச் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது. ஒரே வீட்டு இரண்டு பிள்ளைகளின் கதையைச் சொன்னாள். "அந்தப் புள்ளைகள்ட உம்மாட நம்பர் ஈக்கி மிஸ். நீங்களே கேக்க ஏலும்."

கலாராணி மிஸ் உண்மையிலேயே எடுத்துவிட்டார். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தார். அபீபாவின் குரல் மண்டபத்தில் கணீரென்று கேட்டது.

"ஓ மிஸ், ரெண்டு தரம் கேட்ட. சின்னப் புள்ளைகள ஏத்துறது ஆபத்துண்டு செல்லிட்டார்."

"உங்கட மூத்த மகள் அதே தோணியிலயோ வாறா?"

"ஓ மிஸ், ஒவ்வொரு நாளும். மூணு வருசமா."

"பாதுகாப்பு அங்கி ஏதும் போடுறவையோ?"

"இல்ல மிஸ். கவனமாத்தான் கூட்டிப் போவார்."

"மழைக்காலத்திலயும்?"

"ஆறு மிச்சம் பெருகினா மட்டும் நிப்பாட்டுவார். மத்தப்படி வரும்."

"சரி, நன்றி அம்மா." கலாராணி மிஸ் எழுதிக்கொண்டே போனார். மின்ஹாவின் கடிதத்தில் அல்ல, வேறொரு தாளில். பாயிஸா அதைக் கவனித்தாள்.

தலைவர் மற்றவர்களோடு இரண்டு நிமிசம் குனிந்து பேசினார். "கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொல்வதை இன்றைக்குத்தான் கேட்கிறேன்," என்றார். "தடை என்று ஏற்கிறோம். ஐந்து புள்ளியும் திரும்பச் சேரும். எண்பத்து மூன்று. கடிதம் வரும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று தாஸிம் கதிரையை விட்டே எழும்பிவிட்டான்.

"பிள்ளையின்ர விசயம் முடிஞ்சுது," என்றார் கலாராணி மிஸ். "அம்மா, இன்னொண்டு கேக்கிறன். ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தத் தோணி ஆபத்து எண்டு வடிவா விளங்கப்படுத்தினீங்கள். நானும் நம்பிட்டன். அப்ப பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு?"

பெரிய பிள்ளைகள் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லலாம். வீரய்யா கவனமானவர் என்று சொல்லலாம். பாயிஸா ஒவ்வொன்றையும் மனதில் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் மாமரம் வைத்த ரகக் காரணங்கள். ஆறு கவிழ்க்கும்போது வகுப்புக் கேட்டா கவிழ்க்கும்?

"அவங்களுக்கும் ஆபத்துதான் மிஸ்," என்றாள்.

"தோணிக்காரற்ர பெயர்?"

"செல்ல ஏலா மிஸ். வாக்குக் குடுத்தீக்கிறேன்."

கலாராணி மிஸ் அவளை இரக்கமாகப் பார்த்தார். "பெயர் தேவையில்லை அம்மா. அங்க ஒரு தோணிதானே. நாளைக்குக் காலமையே ஆள் அனுப்பச் சொல்லி இப்பவே எழுதிறன். தெரிஞ்சுகொண்டு நான் சும்மா இருக்கேலாது. நாளைக்கு ஒரு பிள்ளை போனால் ஆர் பதில் சொல்லுறது?"

அதிலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கொடுமை.

வெளியே வந்ததும் தாஸிம் அபீபாவுக்குத் தொலைபேசி எடுத்தான். "தங்கச்சி, வென்றாச்சு! ஒன்ட பேச்சாலதான்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான். பாயிஸா அவன் கையைப் பிடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மண்டபமே அவள் பேச்சைக் கேட்டது, அவள் சொன்ன ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் தனக்கு வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ள அந்த வாதம் விடவில்லை.

"ஏன் மொகம் இப்பிடி ஈக்கி?" என்றான் தாஸிம். சொன்னாள். கடைசிக் கேள்வியை அவன் சரியாகக் காதில் வாங்கியிருக்கவில்லை. எண்பத்து மூன்றோடு அவன் காது மூடிக்கொண்டது.

வீட்டில் அபீபா காத்திருந்தாள். வட்டிலாப்பச் சட்டியைத் தலைப்பில் சுற்றி, பிள்ளைகளை ஏற்ற வந்த தோணியிலேயே இக்கரைக்கு வந்து, மாலை வகுப்பு முடிந்த இன்ஷிராவையும் கூட்டிக்கொண்டு நேரே ஏறி வந்திருந்தாள். பக்கத்து வீட்டில் விட்டிருந்த மின்ஹாவைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். "எங்கட பெரிய ஸ்கூல் மேடம்!" மின்ஹா வெட்கப்பட்டு இன்ஷிராவின் பின்னால் ஒளிந்தாள்.

"அபீபா, இரு. ஒண்டு செல்லணும்," என்றாள் பாயிஸா.

சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்க அவளுக்கு இன்றைக்கு மனம் வரவில்லை. மிஸ் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், நாளைக் காலையில் ஆள் வரப்போவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

அபீபாவின் முகத்தில் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

"அந்த மிஸ் என்ட்ட கேட்டது அதுக்குத்தானா?" என்றாள். "அங்கி போடுறல்லண்டு நான்தானே செல்லின."

"நீ பொய் செல்லல்லயே," என்றாள் பாயிஸா.

"ஓ. நல்ல உண்ம."

தாஸிமுக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, நீ யோசிக்காத. அங்கி குடுப்பாங்க. இல்லாட்டிப் பதிவு செய்யச் செல்லுவாங்க. பாலம் கட்டுறதப் பத்திக்கூட பேச்சு ஈக்கி. அது இல்லாட்டி ஸ்கூல் பஸ் ஒண்டு..." என்று விரித்துப் போட்டுக்கொண்டே போனான்.

"நானா," என்று அண்ணனை நிறுத்தினாள் அபீபா. "நாளைக்குக் காலைல ஏழரைக்கு ஸ்கூல் மணி அடிக்கும். அதுக்கு ஒண்டு செல்லுங்க."

தாஸிமின் கைகள் விரித்தபடியே நின்றன.

பாயிஸா இன்ஷிராவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. வருகிற மாதம் அதற்குத் தவணைப் பரீட்சை.

"இன்ஷிரா இங்கயே நிக்கட்டும்," என்றாள் பாயிஸா. "எங்களுக்குப் பாரமில்ல. மின்ஹாட அறைல ஒரு கட்டில் போட ஏலும். வெள்ளிக்கிழம வூட்டுக்குப் போகட்டும். இங்கேந்து ஸ்கூல் அஞ்சு நிமிசம். ஒனக்கு விருப்பமெண்டா இண்டேலேந்தே."

நல்ல யோசனை. தாஸிமுக்கு உயிர் வந்தது. இன்ஷிராவின் கண்கூட ஒரு கணம் மின்னியது. அபீபா தலையாட்டினாள். அது சம்மதமா, வேறு எதுவுமா என்று பாயிஸாவுக்கு விளங்கவில்லை.

"நல்லது மதினி. என்ட புள்ளைக்கு ஒங்கட வூடு ஈக்கி." அபீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். "மத்தப் பதிமூணு புள்ளையையும் எங்க படுக்க வைப்பீங்க?"